ஊர்ப்பெயரைக் காத்தவர்கள்

திருவண்ணாமலையின் சரித்திரத்தில் கால்பந்துக்கு ஓர் இடமுண்டு என்று சொன்னால், கோயிலையும் கிரிவலத்தையும் கார்த்திகைத் தீபத்தையும் மட்டுமே அறிந்தவர்கள் வியப்படையக்கூடும். ஆயினும், 1896-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி இவ்வூருக்கு வந்து சேர்ந்து, அதன்பின் ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் இம்மலையை விட்டு நீங்காமலே வாழ்ந்து மறைந்த ரமண மகரிஷி, அதற்கு முன் மதுரையில் வேங்கடராமன் என்னும் பள்ளிச் சிறுவராக இருந்த காலத்தில், பாடப் புத்தகத்தைவிடப் பந்திலேயே அதிக நாட்டம் உடையவராக இருந்தார் என்பதும், அவர் எந்தக் கட்சியில் சேர்ந்து ஆடினாலும் அந்தக் கட்சியே வென்றபடியால் தோழர்கள் அவரைத் ‘தங்கக்கை’ என்று அழைத்தார்கள் என்பதும் அவருடைய ஜீவிய சரித்திரங்களில் பதிவாகியுள்ள செய்திகள்.

அப்போது அவர் படித்தது மதுரை அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில். அந்த மிஷன் மதுரைக்கு வந்தது 1834-இல். வந்தது அமெரிக்காவிலிருந்து நேராக அன்று, யாழ்ப்பாணத்திலிருந்து. 1816 முதல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பள்ளிகளை நிறுவிக் கல்வி புகட்டிவந்த பாதிரிமார்களே கடலைக் கடந்து மதுரைக் கிளையைத் தொடங்கினார்கள். கால்பந்து தமிழ் பேசும் நிலங்களில் பரவியதற்குப் பட்டாளத்துப் பாசறைகளும் ரெயில்வேக் குடியிருப்புகளும் ஆலைகளும் ஒருபுறம் காரணமாயினும், நம் பிள்ளைகளின் கால்களில் அந்தப் பந்தைக் கொண்டுவந்து சேர்த்த பெருமையில் பெரும் பங்கு இத்தகைய மிஷன் பள்ளிகளின் மைதானங்களுக்கு உரியது. மதுரைச் சிறுவனும் யாழ்ப்பாணச் சிறுவனும் ஒரே விதமான ஆசிரியரின் ஊதலுக்குக் கட்டுப்பட்டு ஒரே விளையாட்டைக் கற்றார்கள் என்று சொல்வது மிகையாகாது.

இந்தப் பழைய சம்பந்தத்தை நான் இங்கே பிரஸ்தாபிப்பதற்குக் காரணம் உண்டு. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின்னும், 1990-இல் போர் மீண்டும் மூண்ட பின்னும் படகேறி இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் பதிவு செய்யப்பெற்று, தமிழ்நாட்டின் பல மாவட்டங்களுக்கும் பிரித்து அனுப்பப்பட்ட இலங்கைத் தமிழருள் ஒரு பகுதியினர் எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்து முகாம்களிலும் வாழ்ந்துவருகிறார்கள். அவர்களுள் முதியவர்களிடம் சொந்த ஊரைப் பற்றிக் கேட்டால், கோயிலைச் சொல்வார்கள். நன்னீர்க் கிணற்றைச் சொல்வார்கள். கடற்கரையூராக இருந்தால் எந்தக் காற்றில் எந்த மீன் படும் என்பதைச் சொல்வார்கள். அதை முடிப்பதற்குள் தங்கள் ஊர்க் கழகத்தின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். நகரத்துப் பெரிய அணிகளை அன்று, இலங்கைத் தேசிய அணியையும் அன்று. ஊருக்கு வெளியே பத்து மைல் தூரத்தில் ஒருவரும் கேட்டிராத தங்கள் சின்னஞ்சிறு உதைபந்தாட்டக் கழகத்தையே அவர்கள் சொல்கிறார்கள். அந்தக் கழகங்களின் சரித்திரம் எந்த ஸ்தாபனத்தின் ஏட்டிலும் முறையாக எழுதப்படாமல், அவற்றின் ஆயுட்கால அபிமானிகளின் ஞாபகத்திலேயே தங்கியிருக்கிறது என்பது நாளடைவில் எனக்கு விளங்கிற்று.

குடாநாட்டின் உதைபந்தாட்டம் பட்டணத்துக் கல்லூரிகளில் வேர் கொண்டதாயினும், அது கிளைத்துத் தழைத்த இடம் ஊர்கள். அவற்றுள்ளும் சிறப்பாகக் கடற்கரை ஊர்கள். பாசையூர் சென் அன்ரனிஸ், நாவாந்துறை சென் மேரிஸ், அதே ஊரின் சென் நீக்கிலஸ், குருநகர் பாடும்மீன், இளவாலை யங்ஹென்றிஸ், மயிலங்காடு ஞானமுருகன், ஊரெழு றோயல், வதிரி டைமன்ஸ் என்று இந்தப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தாலே குடாநாட்டின் சமூக சரித்திரம் பாதி கண்முன் வந்துவிடும். கத்தோலிக்க மீனவ ஊர்களில் தேவாலயத்துப் பாதுகாவலரான புனிதரே கழகத்துக்கும் பாதுகாவலர். உள்நாட்டு விவசாய ஊர்களில் முருகன் பெயர் தாங்கிய கழகம். ஆங்கிலக் கல்வியில் மோகம் கொண்ட தலைமுறையினர் வைத்த றோயலும் டைமனும் வேறோர் இடத்தில். யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி என்று பகுதிதோறும் தனித்தனி லீக்குகள் இருந்து, அவற்றின் கீழ் இவை ஆடிவந்தன. கொழும்பின் பெரிய கழகங்களுக்கு இருந்த பணமோ, பத்திரிகைப் பிரசித்தியோ, வேலைவாய்ப்பு தந்து வீரர்களை வைத்துக்கொள்ளும் இலாகாக்களின் ஆதரவோ இவற்றுக்கு இல்லை. லீக் ஆட்டங்களுக்கு வெளியே, ஊர்த் திருவிழாவை ஒட்டியும், மறைந்த ஒருவரின் ஞாபகார்த்தமாகவும் நடக்கும் சுற்றுப்போட்டிகளே இவற்றின் உயிர்மூச்சு. அவற்றுள் பதினொருவர் ஆட்டம் மட்டுமின்றி, இடத்துக்கும் ஆள்பலத்துக்கும் ஏற்ப ஒன்பதின்மர் ஆட்டமும் எழுவர் ஆட்டமும் உண்டு.

நான் பழகிய முதியவர்களில் ஒருவர் யாழ்ப்பாணக் கடற்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்தவர். இளமையில் கடல் தொழில் செய்தவர். ஒருநாளும் கழகத்துக்காக ஆடியவர் அல்லர். ஆனால் தம் பிள்ளைப் பிராயத்து அணியைப் பற்றிப் பேசத் தொடங்கினால், கோல் காப்பாளர் முதலாக, பேக் இருவர், ஹாஃப் மூவர், முன்னணியில் லெஃப்ட் அவுட் தொடங்கி ரைட் அவுட் வரை ஐவர் என்று, பழைய முறைப்படி பதினொருவரையும் இடம் பிசகாமல் சொல்லி முடிப்பார். சொல்லும்போது வெறும் பெயரை மட்டும் சொல்வதில்லை. ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் அவன் யார் வீட்டுப் பிள்ளை, எந்த வள்ளத்தில் தொழிலுக்குப் போனவன் என்பதையும் சேர்த்தே சொல்வார். “தம்பி, அவன்ர இடது காலில பந்து விழுந்தா, நாங்கள் கோல் எண்டு எழும்பிடுவம்” என்று அவர் சொல்லும்போது, அந்த வீரன் ஆட்டத்தை விட்டு அரை நூற்றாண்டு ஆகியிருக்கும் என்பதை நாம் மறந்துவிட வேண்டியதுதான்.

அவர் சொல்லக் கேட்ட மைதானத்தை நான் மனத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஒருபுறம் தேவாலயம், மறுபுறம் கடல், நடுவே உவர்மண் வெளி. கோல் கம்பங்களுக்குப் பின்னால் தொழிலுக்கு உதவாமல் ஒதுக்கப்பட்ட மீன்வலை. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லையாகையால், பூசை முடிந்ததும் ஊரே ஓய்ந்திருக்கும். வெயில் தாழ்ந்த பிறகு ஆட்டம். தோலால் தைத்து, உள்ளே பிளாடர் வைத்து, வாயை நாடாவால் கட்டிய அக்காலத்துப் பந்து மழையில் நனைந்துவிட்டால் பெரிதும் கனக்கும். கட்டிய நாடா நெற்றியில் படும்படி தலையால் முட்டியவன் தழும்பில்லாமல் திரும்புவது அரிது. வெறுங்காலுடன் ஆடியவர்களே மிகுதி. இதில் இழிவாக எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை; 1948-இல் லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சை எதிர்த்து ஆடி ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தோற்ற இந்திய அணியிலும் பெரும்பாலோர் வெறுங்காலுடனேயே ஆடினார்கள் என்பதையும், அன்று இந்தியாவின் ஒரே கோலைப் போட்டவர் பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன் என்பதையும் நம்மவர் நினைவிற் கொள்ள வேண்டும்.

ஆட்டம் பார்ப்பவர்கள் வெறும் பார்வையாளர்களாக இருக்கவில்லை என்பதே இக்கழகங்களின் விசேஷம். சீருடைக்குத் துணி வாங்கப் பணம் தண்டியவர்கள் அவர்கள். வெளியூர் ஆட்டத்துக்கு லொறி பிடித்தவர்கள் அவர்கள். தோற்று வந்த பிள்ளைகளுக்கு அன்றிரவு சோறு போட்டவர்கள் அவ்வூர்ப் பெண்கள். ஒரு நல்ல நாளின் மீன்பாட்டில் ஒரு பங்கைக் கழகத்துக்கென்று ஒதுக்கிய வள்ளங்களைப் பற்றியும் கேட்டிருக்கிறேன். வென்ற நாளில் கிண்ணத்தை நேரே தேவாலயத்துக்கு எடுத்துச் சென்று பீடத்தின் முன் வைத்த பிறகே அது மற்றவர் கைக்கு வரும். இவற்றையெல்லாம் போற்றும்போது, அபிமானம் எல்லை மீறிய நாட்களையும் மறைப்பதற்கில்லை. அடுத்த ஊருடன் ஆடும் ஆட்டத்தில் மத்தியஸ்தரின் ஒரு தீர்ப்புக்காகக் கைகலப்பு மூண்டதும், அதன் விளைவாக இரண்டு ஊர்களிடையே பெண் கொடுத்து எடுப்பதும் சில வருஷங்கள் நின்றுபோனதும் உண்டு என்று அவர்களே வருத்தத்துடன் ஒப்புக்கொள்கிறார்கள். ஊர்ப்பற்று ஊர்ப்பகையாக மாறுவதற்கு ஒரு தண்ட உதை போதுமாக இருந்தது.

இச்சிறு கழகங்கள் யாவற்றுக்கும் பட்டணத்தில் பொதுவாக இருந்த பேரரங்கம், ஒல்லாந்தர் கோட்டையை அடுத்த முற்றவெளியில் அமைந்த துரையப்பா விளையாட்டரங்கு. இறுதியாட்டத்துக்குத் தகுதி பெற்று அந்த அரங்கில் காலடி வைப்பது ஓர் ஊர்க் கழகத்துக்குப் பெருங் கௌரவம். யாழ்ப்பாண மேயராக இருந்து 1975 ஜூலை 27-இல் பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலருகே சுட்டுக் கொல்லப்பட்ட அல்பிரட் துரையப்பாவின் பெயர் தாங்கிய அவ்வரங்கைச் சுற்றிலும் அந்த மண்ணின் துயரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்திருக்கின்றன. 1974 ஜனவரியில் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளன்று உயிர்கள் பலியான வீரசிங்கம் மண்டபத்து முன்றில் அதற்குக் கூப்பிடு தூரம். 1981 மே 31 இரவில் தொடங்கி எரிந்து, ஏறத்தாழ 97,000 நூல்களுடன் சாம்பலான யாழ்ப்பாணப் பொது நூலகமும் அதன் அயலிலேயே உள்ளது. 1990-இல் கோட்டையைச் சூழ்ந்து முற்றுகை நடந்தபோது அந்த வெளி முழுவதும் மனிதர் நடமாட முடியாத பாழ்நிலமாயிற்று. 1999-இல் அரங்கைத் திருத்த முற்பட்டு மண்ணை அகழ்ந்தபோது மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. பிள்ளைகள் பந்துதைத்த மண்ணுக்குக் கீழே யாருடைய பிள்ளைகளோ புதைந்திருந்தார்கள். இச்செய்தியை என்னிடம் சொன்ன ஓர் அபிமானி, தாம் அங்கே கண்ட இறுதியாட்டத்தின் விருத்தாந்தத்தை அந்த இடத்தில் நிறுத்தியவர் மேற்கொண்டு சொல்லவில்லை.

1990-ஆம் ஆண்டு ஜூனில் வலிகாமம் வடக்கின் மயிலிட்டி, பலாலி, காங்கேசன்துறை முதலிய ஊர்களின் ஜனங்கள் ஒட்டுமொத்தமாக இடம் பெயர்ந்தார்கள். அவ்வூர்கள் உயர்பாதுகாப்பு வலயம் என்ற பெயரில் வேலியிடப்பட்டு, சில ஊர்கள் கால் நூற்றாண்டுக்கு மேலாகவும் திறக்கப்படாமல் இருந்தன. மயிலிட்டித் துறைமுகம் 2017-இல்தான் அதன் மக்களிடம் மீண்டது. இப்படி ஊர் மறைந்த பிறகு அந்த ஊரவர் எங்கே ஊரவராக இருப்பது? கோயிலில் கூட முடியாது, கோயில் வேலிக்குள் இருந்தது. சந்தையில் கூட முடியாது, சந்தையும் அப்படியே. நலன்புரி முகாம்களிலும் உறவினர் வீட்டுத் திண்ணைகளிலும் சிதறிக் கிடந்தவர்கள், தங்கள் ஊரின் பெயரை வாய்விட்டுக் கூவுவதற்கு உரிமை பெற்ற இடம், யாரோ ஒருவருடைய ஊரில், யாரோ ஒருவருடைய மைதானத்தின் ஓரமே. இடம்பெயர்ந்த ஊர்களின் இளைஞர்கள் தங்கள் பழைய கழகப் பெயரிலேயே அணி சேர்த்து ஆடினார்கள். அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் அந்த ஊரின் பெயரைச் சொல்லி அணியை அழைத்தபோது, வரைபடத்தில் மட்டுமே எஞ்சியிருந்த ஓர் ஊர் தொண்ணூறு நிமிஷங்களுக்கு உயிர் பெற்று எழுந்தது. அதை எழுப்பியவர்கள் ஆடிய பதினொருவர் மட்டும் அல்லர். சைக்கிள் மிதித்து வந்து கோட்டின் ஓரத்தில் நின்ற அத்தனை பேரும்தான்.

சைக்கிள் என்றவுடன் அந்தக் காலத்து வாழ்க்கை நிலையையும் கூற வேண்டும். பொருளாதாரத் தடையினால் பெட்ரோலும் மின்கலமும் கிடைக்காமல், மின்சாரமும் அறுந்துபோன குடாநாட்டில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுழற்ற, அதன் டைனமோவில் பிறக்கும் மின்சாரத்தைக் கொண்டு வானொலி கேட்டார்கள். செய்தி கேட்பதற்கு மட்டும் அன்று. உலகக் கோப்பை ஆட்டங்களின் முடிவை அறியவும் அந்தச் சக்கரம் சுழன்றது. சுழற்றிய கை சோர்ந்தால் குரல் தேய்ந்து மறையும். முக்கியமான இடத்தில் தேய்ந்துவிட்டால் சுழற்றியவனுக்குக் கிடைக்கும் ஏச்சுக்கு அளவில்லை. இப்படிப்பட்ட நாட்களிலும் ஊர்ச் சுற்றுப்போட்டிகள் அடியோடு நின்றுவிடவில்லை என்பதை நான் முதலில் கேட்டபோது நம்பத் தயங்கினேன். பலர் வாயாலும் கேட்ட பிறகு நம்பினேன். 1993 நவம்பர் 13-இல் குருநகர் புனித யாகப்பர் தேவாலயத்தின் மீது குண்டு விழுந்தது. 1995 அக்டோபர் 30-ஆம் தேதி இரவு, கொட்டும் மழையில், வலிகாமத்தின் லட்சக்கணக்கான ஜனங்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சி நோக்கி நடந்தார்கள். அந்த இரவில் வீட்டைப் பூட்டிவிட்டு எதைக் கையில் எடுத்தோம் என்பதை ஒவ்வொரு குடும்பமும் சொல்லும். காணி உறுதி, நகை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் இவற்றோடு கழகத்தின் குழுப்படத்தையும் சட்டத்திலிருந்து கழற்றி மடித்து எடுத்தவர்கள் உண்டு.

இந்த அபிமானத்தின் தன்மையை அளந்து பார்க்க இங்கிலாந்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. விம்பிள்டன் என்ற கழகத்தை அதன் உரிமையாளர்கள் மில்டன் கீன்ஸ் என்னும் வேறு நகரத்துக்குக் கொண்டுபோக 2002-இல் அனுமதி கிடைத்தபோது, அபிமானிகள் தங்களுக்கென்று புதிய கழகம் ஒன்றைத் தொடங்கி, ஒன்பதாம் படியிலிருந்து ஆடிப் படிப்படியாக ஏறி, 2011-இல் நான்காம் படியில் ஃபுட்பால் லீக்குக்குள் மீண்டும் நுழைந்தார்கள். 2020-இல் பழைய மைதானம் இருந்த தெருவிலேயே புது மைதானமும் கண்டார்கள். போற்றத்தக்க வரலாறு அது. அங்கே ஊர் இருந்தது, கழகம் போயிற்று. ஊரார் கழகத்தை மீட்டார்கள். யாழ்ப்பாணத்திலோ ஊரே போயிற்று, கழகம் இருந்தது. கழகத்தைப் பற்றிக்கொண்டே ஊரார் ஊரை மீட்டு வைத்தார்கள் என்பது என் அபிப்பிராயம். மேல் லீக்குகளின் வெற்றி தோல்விகளைக் கொண்டு இத்தகைய கழகங்களை எடை போடுவது முற்றிலும் தவறு.

தமிழ்நாட்டிலும் இதற்கு மறுபுறமான சான்று உண்டு. கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி அணி 2018-19-ஆம் ஆண்டின் ஐ-லீக் பட்டத்தை, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் பின்தள்ளி வென்றது. ஆனால் மூன்றாண்டு கழிவதற்குள் லீக்கிலிருந்தே மறைந்துபோயிற்று. இந்தியாவின் பட்டம் பெற்ற அணிக்கு வாய்க்காத நீண்ட ஆயுள், கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்க் கடற்கரையிலும் வடசென்னை வியாசர்பாடியிலும் மணலில் பந்துதைக்கும் சிறு கூட்டங்களுக்கு வாய்த்திருக்கிறது. இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜும், வியாசர்பாடியின் நந்தகுமாரும் இந்திய அணி வரை உயர்ந்தது அத்தகைய மண்ணிலிருந்துதான். தூத்தூர்க் கடற்கரைக்கும் குருநகர்க் கடற்கரைக்கும் உள்ள ஒற்றுமை, தேவாலயம் முதல் கோல் கம்பத்து வலை வரையில், என்னை வியக்க வைக்கிறது. நெய்தல் நிலத்தார் அலையின்மேல் நின்று பழகிய கால்களுடன் இவ்விளையாட்டுக்கென்றே பிறந்தவர்களோ என்று எண்ணத் தோன்றுகிறது.

போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. இந்திய அரசின் உதவியுடன் புதுப்பிக்கப்பட்ட துரையப்பா அரங்கு 2016 ஜூன் 18-இல் மீண்டும் திறக்கப்பட்டது. ஊர்க் கழகங்கள் இன்று மின்னொளியில் ஆடுகின்றன. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் மாணவியர் தேசிய மட்டத்தில் கிண்ணங்களை வெல்கிறார்கள். பாரிசிலும் லண்டனிலும் டொரொண்டோவிலும் குடியேறிய ஊரவர் அனுப்பும் பணத்தில் சீருடைகளும் பார்வையாளர் கொட்டகைகளும் வருகின்றன. அந்நகரங்களிலேயே கோடைக்காலத்தில் பழைய ஊர்ப் பெயர்களில் அணிகள் மோதுகின்றன. 2014-இல் சுவீடனின் ஊஸ்டர்சுண்ட் நகரிலும், 2018-இல் லண்டனிலும், நாடற்ற தேசங்களுக்கென்று நடத்தப்பட்ட உலகப் போட்டிகளில் தமிழீழம் என்ற பெயரில் ஓர் அணி ஆடியதும், அதில் ஆடிய இளைஞர்கள் புலம்பெயர்ந்த இல்லங்களின் பிள்ளைகளாக இருந்ததும், இந்த நீண்ட மரபின் ஒரு கிளையே.

ஆனால் முகாம்களில் முதுமையடைந்தவர்களின் நிலைமை வேறு. தமிழ்நாட்டரசு 2021-இல் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை மாற்றி ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று வழங்கியது. பெயர் மாறியது நல்லதே. அங்கே பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் பந்தடிக்கிறார்கள்; அவர்களுடைய பனியன்களில் மெஸ்ஸியின் பெயரும் ரொனால்டோவின் பெயரும் இருக்கின்றன. தாத்தாவின் வாயில் இருக்கும் பதினொரு பெயர்கள் அவர்களுக்குத் தெரியா. அதற்காக அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. சொல்லித் தருவதற்கு ஒருவர் கேட்டு எழுதியிருக்க வேண்டும். நான் மேலே குறிப்பிட்ட முதியவர் சொன்ன அணியை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதியபோது, ரைட் ஹாஃபின் பெயர் ஒன்றில் அவர் சற்றுத் தடுமாறினார். அருகிலிருந்த அவர் மனைவியார் அடுப்படியிலிருந்தே அதைத் திருத்தினார். அவ்வளவு நிச்சயமான ஞாபகங்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

ஆகவே திருவண்ணாமலை மாவட்டத்து வாசகர்களுக்கும், முகாம்களுக்கு அருகே வசிக்கும் ஏனைய மாவட்டத்தாருக்கும், சிறப்பாகப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: இம்முதியவர்களிடம் சென்று, எந்தக் கழகம், எந்த மைதானம், யார் யார் ஆடினார்கள், எந்த ஆண்டு எந்தக் கிண்ணம் என்பவற்றைக் கேட்டு, அவர்கள் சொல்லும் வரிசையிலேயே எழுதி, மடித்து வைத்திருக்கும் குழுப்படங்களைப் பிரதி எடுத்து, யாழ்ப்பாணத்தில் மீண்டும் எழுந்து நிற்கும் பொது நூலகத்துக்கு ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். எண்பது வயதைக் கடந்தவர்களை முதலில் பாருங்கள்.